முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன டின்கள்

1

ஊரிலிருந்து என் அண்ணி எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "அங்கே எல்லா வேலைக்கும் ஆள் கிடைக்குமாமே, நீ கையை நனைக்கவே வேண்டாமாமே?" நான் சிங்கப்பூர் வந்து பத்து ஆண்டு நிறைந்த அன்று, இதற்கு ஒழுங்காக ஒரு பதில் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதியிருப்பேன். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. வந்தவர் சுகாதார இலாகாவின் கொசு இன்ஸ்பெக்டர்.

சீன இளைஞர். காக்கி அரைக்கால் சட்டை, கையில் நீளக் காம்பு வைத்த அகப்பை. நேரே பின்கட்டுக்குப் போனார். துருப்பிடித்த டின் ஒன்றிலிருந்து அகப்பையால் தண்ணீரை மொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், "எங்களுடையது இல்லை, எங்களுடையது இல்லை" என்று இரண்டு முறை சொன்னேன். அவரும் மலாயில் பதில் சொன்னார். யாருடைய டின் என்று கொசு கேட்பதில்லை என்கிற மாதிரி. ஒரு வாரத்துக்குள் பின்கட்டு முழுவதும் சுத்தமாக வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டுக்கு வரவேண்டியிருக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அண்ணிக்கு எழுதத் தொடங்கிய பதிலைத்தான் இப்போது இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். எரிச்சலும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் வீடு சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட வாடகை வீடு. குடிவந்த நாளிலேயே பின்கட்டில் இடுப்பளவுக்கு லாலான் புல் நின்றது. உள்ளே கால் வைத்தால் டின் இடறும். சில டின்களில் மழைத்தண்ணீர். சிலவற்றின் மூடி இறுகிப்போய், அசைத்தால் உள்ளே ஏதோ தளும்பும். ஒட்டியிருந்த காகிதமெல்லாம் வெயிலிலும் மழையிலும் வெளுத்து உரிந்துவிட்டது. ஒரு பக்கம் உடைந்த தெளிப்பான், ரப்பர் குழாய். இன்னொரு பக்கம் ஆரஞ்சு ஸ்குவாஷ் பாட்டில்கள். அவற்றில் இருந்தது ஸ்குவாஷ் அல்ல. குடிதண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றால் மூக்கு எரியும்.

வீட்டுக்காரருக்குத் தேக்காவில் அரிசிக் கடை. அவரிடம் போய் நின்றேன். தமிழர்தான். பேசுவது சுலபம் என்று நினைத்தேன்.

"முன்னாடி இருந்தவன் கரையான் மருந்து அடிக்கிற கான்ட்ராக்ட் எடுத்தவன்மா. அவன் மலாயாவுக்குப் போயிட்டான். நான் என்ன பண்றது?"

"அப்ப அது விஷம்ங்களா?"

"விஷம் இல்லாம கரையான் சாகுமா?"

"அப்ப நீங்க எடுத்துடுங்களேன்."

"வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே குடுத்தேன், நீங்களும் அப்படியே எடுத்துக்கிட்டீங்க. இப்ப வந்து கேட்டா எப்படி?" என்றவர், அரிசி வாங்க வந்த ஒருவரைப் பார்த்துச் சிரித்து, என்னை அத்துடன் மறந்துபோனார்.

குப்பை வண்டி ஆட்களைக் கேட்டேன். அவர்களும் தமிழர்களே. "மருந்து டின்னைத் தொட்டா மண்டோர் ஏசுவாருக்கா. வீட்டுக் குப்பை மட்டும்தான்" என்றார்கள். மண்டோர் என்றால் அவர்களுடைய மேஸ்திரி. இதுவும் வீட்டில் இருக்கிற குப்பைதானே என்று கேட்பதற்குள் வண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

பஸ் பிடித்து நகரத்துக்குள் போய் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், வீட்டில் விஷ மருந்து இருக்கிறது, அதைக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். வெளியே வந்து, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். விஷ மருந்து விற்பதற்கு லைசென்ஸ் கேட்கும் விண்ணப்பம் அது.

இவரிடம் சொன்னேன். என் கணவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிடங்குக் குமாஸ்தா. வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது எந்தப் பிரச்சினையும் அவருக்குப் பெரிதாகத் தெரியாது.

"நாங்க கிடங்குல பார்க்காத மருந்தா? ஓட்டையப் போட்டுக் கால்வாய்ல கவுத்து விட்டா மழைல போயிடும்."

"கால்வாய் ஓரத்துல பிள்ளைங்க மீன் பிடிக்குதுங்களே, ஏங்க?"

"அப்ப ஆளை வச்சு எடுக்கச் சொல்லு. எனக்கு இந்த வாரம் முழுக்க ஷிப்ட்."

எத்தனையோ வீட்டில் இப்படித்தான் முடிகிறது. ஆளை வை. அந்த ஆள் அதை எங்கே கொண்டுபோவார் என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

3

ஆள் தேடுவதைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்கிறேன். ஊரில் எங்கள் கொல்லையைச் சுத்தம் செய்ய ஒருவர் வருவார். கூப்பிட வேண்டியதில்லை, வருவார். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. அவருக்குத் தண்ணீர் ஊற்றும்போது நான்கு அடி தள்ளி நின்று ஊற்றுவோம். 'அங்கேயானால் ஒரு கவலை இல்லை' என்று இங்கே சில பெண்கள் பெருமூச்சு விடும்போது எனக்கு அந்தத் தள்ளி நின்ற தண்ணீர்தான் ஞாபகம் வரும். யாருக்குக் கவலை இல்லை?

இங்கே ஆளைத் தேடவும் வேண்டும், பேசிப் புரியவைக்கவும் வேண்டும். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சாகுல் பாயிடம் கேட்டேன். கடலோர ஊர்க்காரர், எங்களுக்கு ஆணியிலிருந்து அரிவாள்மனை வரை அவர் கடையில்தான்.

"புல்லு வெட்ட ஆளா? நம்ம பாக் சாரிப் இருக்காரே! அருவாளுக்குச் சாணை பிடிக்க இப்பதான் வந்தாரு, நில்லுங்க" என்று வெளியே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பாக் சாரிப்புக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கறுப்புத் தொப்பி, மெலிந்த கைகள், பின்னால் பெரிய கூடை கட்டிய சைக்கிள். ஜாவாவிலிருந்து வந்தவராம். 'பாக்' என்பது மலாய்க்காரர்கள் பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் சொல். கூலி பேசி முடித்ததும் அவர் ஒன்று கேட்டார்: டின்களை நான் எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். குப்பையை அப்புறப்படுத்தத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இரவு இதைக் கேட்ட என் மகள் கௌரி முகத்தைச் சுளித்தாள். அவள் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறாள். பன்னிரண்டு வயது. அங்கே இப்போது மலாயும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆகையால் என் மலாய் அவளுக்குப் பெரிய அவமானம்.

"நீ பேசாதம்மா. எங்கிட்ட சொல்லு, நான் பேசுறேன். மார்க்கெட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க லா."

"நீ ஸ்கூலுக்குப் போயிடுவே. அவர் காலைல வர்றார்."

"அப்ப சனிக்கிழமை வரச் சொல்லு."

பெற்ற பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் ஒரு புல்வெட்டியிடம் பேச வேண்டுமா என்று எனக்கு ரோஷம். வெள்ளிக்கிழமையே வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

4

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுவதற்குள் பாக் சாரிப் பாதிப் புல்லை வெட்டிச் சாய்த்துவிட்டார். டின்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. அவர் அவற்றைத் தொடப்போகும் நேரத்தில் நான் ஓடினேன். விஷத்துக்கு மலாயில் என்ன சொல்வார்கள் என்று முந்தின நாள் மார்க்கெட்டில் விசாரித்து, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

டின்னைக் காட்டி, "இனி ராஜின், பாக்! ராஜின்!" என்றேன். 'இனி' என்றால் இது. பாட்டிலைக் காட்டியும் சொன்னேன். "ராஜின்!"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, தொப்பியை ஒருமுறை சரிசெய்துகொண்டு, நன்றி சொன்னார். நான் மறுபடியும், இன்னும் அழுத்தமாகச் சொன்னேன். அவரும் மறுபடியும் நன்றி சொன்னார். விஷம் என்று எச்சரித்ததற்கு இத்தனை மரியாதையாக நன்றி சொல்கிறாரே, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன்.

குழம்பு கொதித்து இறக்கி வைத்துத் திரும்பி வந்தால், பின்கட்டு துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பெரிய டின்னில் இருந்ததை ஓர் ஓரமாகக் கொட்டிவிட்டு, மண்ணைப் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். நல்ல டின்களும் ஸ்குவாஷ் பாட்டில்களும் கூடைக்குள் ஏறியிருந்தன. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சைகை காட்டிவிட்டுக் கிளம்பினார். கழுவத்தானே செய்கிறார், தெரிந்துதானே செய்கிறார் என்று விட்டுவிட்டேன். மனத்தின் ஒரு மூலையில் ஏதோ உறுத்தியது. ஆனால் சுத்தமான பின்கட்டைப் பார்த்த சந்தோஷம் அதை அமுக்கிவிட்டது.

கௌரி பள்ளியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாள். நான் பெருமையாக ஆரம்பித்தேன்.

"நீ இல்லாமலே பேசி முடிச்சுட்டேன் பாரு. விஷம்னு கூடச் சொல்லிட்டேன். ராஜின், ராஜின்னு மூணு தரம்."

கௌரியின் கை தட்டிலேயே நின்றது.

"என்ன சொன்னே?"

"ராஜின்."

"அம்மா! விஷம்னா ராச்சுன். ராஜின்னா hardworking. நல்லா உழைக்கிறவர்னு அர்த்தம்! நீ அவரைப் பாராட்டியிருக்கே!"

 அந்த நன்றியும், தொப்பியைச் சரிசெய்ததும், அவருடைய கூடையில் நின்ற பாட்டில்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. டின்களை எடுத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டது குப்பையில் போட அல்ல. நல்ல மூடியுள்ள டின்னையும் பாட்டிலையும் யார் குப்பையில் போடுவார்கள்? வீட்டில் அரிசி வைக்க, எண்ணெய் ஊற்றிவைக்கக் கொண்டுபோயிருக்கிறார்.

"அவர் வீடு எங்கம்மா?" என்றாள் கௌரி.

எனக்குத் தெரியாது.

5

சாகுல் பாய் கடைக்கு ஓடினோம். கதவு சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்துதான் திறப்பார். அதுவரை சும்மா நிற்க முடியாமல் பக்கத்திலிருந்த போலீஸ் நிலையத்துக்குப் போனோம். கௌரி பள்ளிச் சீருடையில், சாதம் ஒட்டிய விரல்களோடு, மலாயில் மளமளவென்று பேசினாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவைத் திறந்தார்.

"அவர் எதைத் திருடினார்னு கேட்கிறாரும்மா."

"திருடலைன்னு சொல்லு. நாமதான் குடுத்தோம்."

சொன்னாள். அவர் பேனாவை மூடினார்.

"யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு கேட்கிறார்."

"தெரியாது. தெரிஞ்சுக்கத்தானே தேடுறோம்!"

"அப்ப கேஸ் இல்லையாம். ஏதாவது ஆனா வரச் சொல்றார்."

ஏதாவது ஆன பிறகு வருவதற்கு எங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று தமிழிலேயே கேட்டேன். கௌரி அதை மொழிபெயர்க்கவில்லை. என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

கடை வாசலுக்கே திரும்பிக் காத்திருந்தோம். சாகுல் பாய் வந்து, விஷயத்தைக் கேட்டு, கடையைத் திறக்காமலே ஒரு டாக்சியை நிறுத்தினார். "கேலாங் சிராய் தாண்டி, தென்னந்தோப்புக் கம்போங். பள்ளிவாசலுக்குப் பின்னாடி போய்க் கேளுங்க, எல்லாருக்கும் தெரியும்." பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கௌரி உதட்டுக்குள் திரும்பத் திரும்ப ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். என்னவென்று கேட்டேன். அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியம் சேர்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

கம்போங் என்கிற அந்த மலாய்க் கிராமத்துக்குள் டாக்சி போகாது. பலகைப் பாலத்தில் இறங்கி நடந்தோம். அவர் வீட்டை நாங்கள் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. வேலிக் கம்பிகளில் எங்கள் டின்கள் கவிழ்த்துக் காய வைக்கப்பட்டிருந்தன. வேலிக்குக் கீழே, டின் கழுவிய தண்ணீர் தேங்கிய பள்ளத்தருகே, இரண்டு கோழிகள் காலை நீட்டிக் கிடந்தன. மூன்றாவது ஒன்று கழுத்தைத் தொங்கப்போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தது.

அவருடைய மனைவி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். கௌரி சேர்த்துவைத்த வாக்கியங்களெல்லாம் எங்கேயோ போய்விட்டன. "ராச்சுன்! ராச்சுன்!" என்று கத்தியபடி செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அடுப்புக்கு மேல் பலகையில், சோயா பாட்டிலுக்கும் எண்ணெய்ப் பாட்டிலுக்கும் நடுவில், எங்கள் ஸ்குவாஷ் பாட்டில்கள் நின்றன. உள்ளே அந்தத் தெளிந்த நீர் அப்படியே இருந்தது. மூக்கு எரிந்ததால் காடி என்று நினைத்து, மாலை ஊறுகாய்க்கு என்று அந்த அம்மாள் எடுத்துவைத்திருக்கிறார். கீழே பலகையில் வெள்ளரியும் காரட்டும் நறுக்கி வைத்திருந்தது.

 பாட்டில்களைப் பலகையிலிருந்து இறக்கி, அடுப்படிக்கு வெளியே கொண்டுபோய் வைத்தேன்.

பாக் சாரிப் உள்ளறையில் படுத்திருந்தார். கைகளும் பாதங்களும் சிவந்து தடித்திருந்தன. வெயில் என்று நினைத்தேன் என்றாராம். கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, சட்டையையும் கைலியையும் மாற்றச் சொல்லி, நான் வாளி வாளியாக இறைத்து அவர் கைகாலில் ஊற்றினேன். கௌரி சோப்பைத் தேய்க்கத் தேய்க்க, நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். டாக்சி காத்திருந்தது. அதிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பார்த்து, உள்ளே ஒன்றும் போகவில்லை, தோலோடு போயிற்று என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய மனைவி என்னைப் பார்த்து நிறையப் பேசினார். கௌரியைக் கேட்டேன்.

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் இல்ல."

"சொல்லுடி."

"வார்த்தை தெரியாட்டி என்ன, கழுத்தைப் பிடிச்சு நாக்கைத் தொங்கப் போட்டுக் காட்டியிருந்தா சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிஞ்சிருக்குமேன்னு கேட்கிறாங்க."

 பத்து ஆண்டில் அது எனக்குத் தோன்றவில்லையே.

6

டின்களையும் பாட்டில்களையும் சாகுல் பாய் கொடுத்த சாக்கில் கட்டி, திரும்ப எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தேன். வேறு எங்கே வைப்பது? மறுநாள் தேக்காவில் நல்ல கோழிகளாக வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை. பாக் சாரிப் தேறிவிட்டார். ஆனால் எங்கள் வீட்டுப் பக்கம் பிறகு வரவில்லை. அவர் மனைவி விடவில்லை என்று சாகுல் பாய் சொன்னார். அதில் தப்பே இல்லை.

வாரம் முடிந்து கொசு இன்ஸ்பெக்டர் வந்தார். அகப்பையோடு பின்கட்டைச் சுற்றினார். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார். மருந்து கொட்டிய மூலையில் மண் வெளுத்துப்போயிருந்தது. அதைக் காட்டினேன். சாக்கைக் காட்டினேன். இந்த முறை சரியான வார்த்தையைச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இது கொசு இல்லையே என்றார். அவருடைய இலாகா கொசு மட்டும்தான்.

இதைக் கேட்ட இவருக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. கோழிகள் கிடந்த கோலத்தைக் கௌரி சொன்னதிலிருந்தே அவர் சரியாகச் சாப்பிடவில்லை. துறைமுகத்தில் ஆபத்தான சரக்கு வைக்கும் பூட்டிய கொட்டகை உண்டு, அங்கே வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். கப்பலில் வந்த சரக்கு இல்லையே என்று மறுத்துவிட்டார்கள். பிறகு லீவு போட்டுவிட்டு, ஒவ்வொரு கதவாக ஏறி இறங்கி, கடைசியில் அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒருவரைப் பிடித்தார். வேன் அனுப்புகிறேன் என்றாராம். எதையும் ஊற்றி மாற்றக் கூடாது, நசுங்காமல் மணல் போட்டு மரப்பெட்டியில் அடுக்க வேண்டும், பெட்டியில் எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். வெளுத்த மண்ணையும் வெட்டி அள்ளி அதிலேயே போடச் சொன்னார்.

இவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பெட்டியை அடுக்கினார். கௌரி சிவப்பு பெயிண்டும் தூரிகையும் எடுத்துவந்தாள். மேலே மண்டை ஓடு வரைந்தாள். இங்கிலீஷில் எழுதினாள். மலாயில் எழுதினாள், ஒவ்வோர் எழுத்தும் அச்சு மாதிரி. அடுத்த வீட்டுச் சீனப் பெண் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, இறங்கி வந்து தன் மொழியில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள். கடைசி வரிக்கு இடம் இருந்தது.

"தமிழையும் எழுது" என்றேன். "குப்பை வண்டிக்காரங்க தமிழ்தான்."

தூரிகையைத் தோய்த்துக்கொண்டாள். தமிழ் எழுத்து அவளுக்குப் பள்ளியில் கிடையாது. மெதுவாக, படம் வரைவது போல, எழுத்து எழுத்தாக எழுதி முடித்து, பின்னால் தள்ளி நின்று பார்த்தாள்.

பெட்டியில் 'விஷயம்' என்று இருந்தது.

"சரியாம்மா?" என்று கேட்டாள்.

நான் தூரிகையை வாங்கி நடுவிலிருந்த 'ய'வை அடித்தேன். எதற்காக அடிக்கிறேன் என்று அவள் கேட்டாள். சொன்னேன். 'விஷயம்' வேறு, 'விஷம்' வேறு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. இருட்டும் வரை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் அந்தச் சொல்லை எழுதச் சொன்னேன். அவளும் எழுதினாள். பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.